ரயில் போன வழி

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிக்கொண்டிருந்த மலேசிய ரயில், 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு தன் சஞ்சாரத்தை நிறுத்திக்கொண்ட பின்னர், எஞ்சிய 24 கிலோமீட்டர் நிலத்தைக் கூறுபோட்டு விற்றுவிடாமல், நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் உரிய பசும்பாதையாகப் பகுதி பகுதியாகத் திறந்து வருகிறார்களே, அந்த விவேகத்தை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ரயில் வண்டி செங்குத்தான ஏற்றத்தைச் சகியாது. ஆதலால், மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரவியும் அக்காலத்துத் தொழிலாளர் சமப்படுத்திய வழியில், இன்று வயோதிகரும் பிரயாசையின்றிப் பெடலை மிதித்துச் செல்லலாம். எல்லாவற்றிலும் பெரிய சௌகரியம் இதுவே என்பது என் அபிப்பிராயம். பூங்காக்களை இணைத்துத் தீவெங்கும் 300 கிலோமீட்டருக்கு மேல் படர்ந்துள்ள இணைப்புப் பாதைகளும் இருப்பதால், மோட்டார்களின் பயமின்றி, குழந்தையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்குப் போய்வருவது சாத்தியமாகியிருக்கிறது.

இந்த ரயில் வழியிலேயே, புக்கிட் தீமாவில் 1932-இல் எழுந்த சிறிய ஸ்டேஷன், ஜீர்ணோத்தாரணம் செய்யப்பெற்று, 2022-இல் மீண்டும் ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அருகிலுள்ள இரும்புப் பாலத்தில் பழைய தண்டவாளம் இன்னும் கிடக்கிறது. அங்கே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நிதானமாக நடந்தால்தான், இரும்புச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஆணியறைந்து பிணைத்திருக்கும் நேர்த்தியை நன்றாகப் பார்க்க முடியும்.