அம்மாவின் வாயைப் பார்த்தீர்களா?

(முதியோர் ஞாயிறன்று சபையில் ஆற்றிய உரை)



என்னைப் பேசக் கூப்பிட்ட தம்பி, "என்ன தலைப்பு அக்கா?" என்று கேட்டார். "பல்லு" என்றேன். சிரித்துவிட்டார். நீங்களும் சிரிக்கலாம். சிரிக்கும்போதுதானே பல்லுத் தெரியும்!

நான் ஸ்காபரோவில் ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ வேலை செய்கிறேன். காலையில் முதியவர்களை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, பல் தீட்டிவிட்டு, சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலை. அப்படிப்பட்ட நான் என் சொந்த அம்மாவின் வாயைப் பார்க்கத் தவறினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு மறதி நோய். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலை வந்ததும் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிய, இடியப்பமும் சொதியும் கொண்டுபோவேன். முதல் சில மாதங்கள் விருப்பத்தோடு சாப்பிட்டார். பிறகு ஒரு வாய் வைத்ததும் தட்டைத் தள்ளத் தொடங்கினார். முகம் கழுவ வந்தவர்களின் கையைத் தட்டிவிட்டார். "நோய் முற்றுகிறது" என்று அங்கே சொன்னார்கள். எனக்கோ வேறு நினைப்பு. தன்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டேன் என்ற கோபத்தில்தான் என் கைச் சாப்பாட்டைத் தள்ளுகிறார் என்று நினைத்தேன். காருக்குள் இருந்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போன ஞாயிறுகள் உண்டு.

ஒருநாள் என் மகனும் கூட வந்தான். அப்போது அவனுக்கு எட்டு வயது. பால்பல் ஆடிக்கொண்டிருந்தபடியால், காண்கிறவர்களின் பல்லையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டு திரிந்த காலம். "அம்மா, அம்மம்மாவின்ரை பல்லும் ஆடுது. கதைக்கேக்கை கீழை விழுது" என்றான்.

கையைக் கழுவிக்கொண்டு, அம்மாவின் மேல் கட்டுப்பல்லை மெல்லக் கழற்றினேன். முரசு சிவந்திருந்தது. ஓரத்தில் ஒரு புண். வருடங்கள் போகப் போகத் தாடை எலும்பு தேய்கிறது, கட்டுப்பல் தளர்கிறது. தளர்ந்த கட்டுப்பல் உரசி உரசிப் புண்ணாக்கியிருந்தது. இரவிலும் அதைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். "நோகுது" என்ற சொல் அம்மாவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் தமிழில்தான் வந்திருக்கும். அங்கே அதைக் கேட்டு விளங்கிக்கொள்ள ஆளில்லை.

சில நாள் கட்டுப்பல் போடாமல் விட்டு, பல் வைத்தியரிடம் காட்டிச் சரிசெய்தோம். புண் ஆறியது. மறதி மாறவில்லை. ஆனால் இடியப்பம் உள்ளே இறங்கியது. நான் கோபம் என்று நினைத்தது வெறும் நோவு.

யாரையும் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. ஒரு காலையில் எட்டு, ஒன்பது பேரை ஆயத்தப்படுத்துகிற கைக்கு, வாயைத் திறக்க மறுக்கும் ஒருவரோடு நின்று மினக்கெட நேரம் கிடைப்பதில்லை. நானும் அப்படிக் கடந்து போயிருக்கிறேன்.

பிரசங்கி 12ஆம் அதிகாரத்தில் முதுமை ஒரு பழைய வீட்டைப்போல வருகிறது. அந்த வீட்டில் மா அரைக்கிறவர்கள் குறைந்துபோய், வேலையை நிறுத்திவிடுகிறார்கள். அது பற்களைக் குறிக்கிறது என்று வேதம் படித்தவர்கள் சொல்வார்கள். அரைப்பது நின்றால் சாப்பாடு குறையும். சாப்பாடு குறைந்தால் உடம்பு விழும்.

ஆபத்து அதோடு முடியவில்லை. வாயிலுள்ள கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் போனால் நியூமோனியா வரலாம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் செய்த ஓர் ஆய்வு 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பகுதியினருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு பணியாளர்களே பல் தீட்டிவிட்டார்கள். மற்றவர்களை வழக்கம்போல விட்டார்கள். இரண்டு வருடத்தில், வழக்கம்போல விட்டவர்களில் 100க்கு 19 பேருக்கு நியூமோனியா வந்தது. பல் தீட்டிவிடப்பட்டவர்களில் 100க்கு 11 பேருக்கு. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு பலனைக் காட்டவில்லை. ஆனாலும் வாயைத் துப்புரவாக வைத்திருப்பதால் நட்டம் ஒன்றும் இல்லையே.

இனி, நீங்கள் பார்க்கப் போகும்போது என்ன செய்யலாம்?

முதலில், வாயைப் பாருங்கள். அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுவிட்டு, கைபேசி வெளிச்சத்தில் உதடு, நாக்கு, முரசு, கட்டுப்பல்லின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மறதி உள்ளவர் நோவைச் சொல்லமாட்டார், காட்டுவார். சாப்பாட்டைத் தள்ளுவது, ஒரு பக்கமாக மெல்லுவது, கன்னத்தைப் பிடிப்பது, கட்டுப்பல்லைக் கழற்றி எறிவது எல்லாம் நோவின் அடையாளமாக இருக்கலாம்.

இரண்டாவது, கட்டுப்பல். இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். பற்பசை அதைக் கீறிவிடும். மென்மையான சவர்க்காரம் போதும். சுடுதண்ணீர் வேண்டாம், வளைந்துவிடும். கழுவும்போது தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். கை தவறி விழுந்தாலும் உடையாது.

மூன்றாவது, சொந்தப் பல். நிமிர்ந்து இருக்கவைத்து, நாடியைச் சற்றே கீழே பணித்து, மென்மையான சிறிய பிரஷில் பட்டாணி அளவு புளோரைட் பற்பசை வைத்துத் தீட்டுங்கள். பிரஷை அவர் கையில் கொடுத்து, அந்தக் கைமேல் உங்கள் கையை வைத்தால், பழைய பழக்கம் பல நேரம் தானாக வரும். விழுங்கக் கஷ்டப்படுகிறவர் என்றால், தண்ணீர் கொடுப்பதற்கும் தாதியிடம் முதலில் கேளுங்கள்.

நான்காவது, எங்கள் மொழி. "வாயைத் திறவுங்கோ", "கொப்புளியுங்கோ", "துப்புங்கோ", "நோகுதா?" என்ற நான்கையும் ஆங்கில எழுத்தில், பொருளோடு ஒரு மட்டையில் எழுதி, இல்லத்தாரிடம் சொல்லி, முகம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டுங்கள். தமிழ் தெரியாத பணியாளர் "திறவுங்கோ" என்றதும் இறுகின வாய் திறந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஐந்தாவது, இனிப்பு. அன்பில் நாங்கள் தொதலும் டொபியும் கொண்டுபோகிறோம். பல மருந்துகள் வாயை வறளவைக்கும். வறண்ட வாயில் பல் கெதியாகச் சூத்தையாகும். இனிப்பைக் குறையுங்கள். கொடுத்தால், பிறகு வாயைத் துப்புரவாக்கிவிட்டு வாருங்கள்.

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. ஒன்ராறியோவின் 2021ஆம் ஆண்டு நீண்டகாலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழுள்ள விதிகளின்படி, இல்லம் காலையும் மாலையும் வாய்ப் பராமரிப்புச் செய்ய வேண்டும். தானே தீட்ட முடியாதவருக்கு உதவ வேண்டும். கட்டுப்பல்லில் 48 மணித்தியாலத்துக்குள் பெயர் பொறிக்க வேண்டும். வருடம் ஒருமுறை பல் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்ய முன்வர வேண்டும். அதன் செலவுக்கு நாங்கள் சம்மதம் கொடுக்க வேண்டும். சேர்ந்த ஆறு கிழமைக்குள்ளும், பிறகு வருடந்தோறும், குடும்பத்தோடு ஒரு கூட்டம் நடக்கும். அங்கே மருந்தைப் பற்றிக் கேட்பதுபோலப் பல்லைப் பற்றியும் கேளுங்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை. தயவாகக் கேளுங்கள், ஆனால் விடாமல் கேளுங்கள்.

செலவுக்கும் வழி உண்டு. குறைந்த வருமானமுள்ள, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஒன்ராறியோ அரசின் இலவசப் பல் சிகிச்சைத் திட்டம் 2019 முதல் இருக்கிறது. கனடியப் பல் பராமரிப்புத் திட்டத்தின் கீழ் 2024 மே மாதம் முதல் சிகிச்சை பெறலாம். வேறு பல் காப்புறுதி இல்லாமல், குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாக இருந்து, வரிப் பத்திரமும் தாக்கல் செய்திருந்தால் விண்ணப்பிக்கலாம். படிவம் நிரப்பத் தெரியாத மூத்தோர் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். இளைஞர்களே, ஒரு சனிக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள்.

கடைசியாகப் பிள்ளைகளே, உங்களுக்கு. அம்மம்மாவின் பல்லைக் கண்டுபிடித்தது தாதியும் இல்லை, வைத்தியரும் இல்லை, நானும் இல்லை. ஓர் எட்டு வயதுப் பெடியன். நீங்கள் போகும்போது ஐபாட்டை வீட்டில் வைத்துவிட்டு, அம்மம்மாவின், அப்பப்பாவின் முகத்தைப் பாருங்கள். அவர்கள் சாப்பிடுவதைப் பாருங்கள். ஏதாவது வித்தியாசமாக இருந்தால், வெட்கப்படாமல் அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள்.

எங்களுக்கு முதல் பல் முளைத்தபோது விரலை விட்டுத் தடவிப் பார்த்து, ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தவர்கள் அவர்கள். பல்லுக் கொழுக்கட்டை அவித்து எங்கள் தலையில் கொட்டியவர்கள். இன்று பின்னேரம் அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். சாப்பாட்டுப் பையோடு ஒரு புதிய மென்மையான பிரஷும் கொண்டுபோங்கள்.

 கர்த்தர் எங்கள் மூத்தோரைக் காப்பாராக.