முன்சுவர்: எஸ்தர் மஹ்லாங்குவின் ஓவிய வாழ்வு



தென்னாப்பிரிக்காவின் மிடில்பர்க் பகுதியில், 1935 நவம்பர் 11 அன்று பிறந்தவர் எஸ்தர் மஹ்லாங்கு. தெற்கு ந்டெபெலே இனத்தவர். அவருக்குப் பத்து வயது. தாயும் பாட்டியும் வீட்டுச் சுவருக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தனர். அவர்கள் ஓய்வெடுக்கச் சென்ற வேளையில், விட்ட இடத்திலிருந்து சிறுமி தானே தொடர்ந்தாள். திரும்பி வந்தவர்கள் கடிந்துகொண்டனர். அதன்பின் வீட்டின் பின்சுவரே அவளுடைய பலகை ஆயிற்று. கை தேறிய பிறகுதான் முன்சுவருக்கு அழைத்தார்கள்.

அம்முன்சுவரின் பெருமையை உணரச் சற்றுப் பின்னோக்க வேண்டும். 1883இல் போயர் குடியரசின் படை ந்டெபெலே மக்களை முற்றுகையிட்டுப் பணியவைத்தது. நிலம் பறிபோயிற்று. குடும்பங்கள் சிதறடிக்கப்பட்டு, ஐந்தாண்டுக் கட்டாய ஊழியத்துக்கு வெள்ளையரின் பண்ணைகளில் பங்கிடப்பட்டன. அயலான் நிலத்தில் எழுப்பிய மண்வீட்டின் சுவரே, இன்னார் இங்கு வாழ்கின்றனர் என்று அறிவிக்கும் இடமாயிற்று. அவ்வடிவங்கள் பகைவர் அறியாத மறைமொழி என்றும் சிலர் எழுதியுள்ளனர். அது சற்று மிகையாகவும் இருக்கலாம். எழுதியவர்கள் பெண்கள் என்பதில் மட்டும் ஐயமில்லை.

சாணமும் களிமண்ணும் பூசிய சுவரில் முதலில் மண்ணின் நிறங்களே இடம்பெற்றன. பின்னர் சலவை நீலம் வந்தது, கடைச் சாயங்களும் வந்தன. சவர அலகு, படிக்கட்டு, மின்விளக்கு, விமானம் எனக் கண்ணில் பட்டவையெல்லாம் கோணங்களாக உருமாறின. எஸ்தர் அளவுகோல் வைப்பதில்லை, முன்வரைவும் செய்வதில்லை. கோழி இறகைச் சாயத்தில் தோய்த்துக் கருங்கோட்டை இழுப்பார். கோடு வழுவுவதில்லை.

1980 முதல் 1991 வரை போட்ஷபெலோ என்னும் திறந்தவெளி அருங்காட்சியகச் சிற்றூரில் அவர் வாழ்ந்தார். வீட்டுக்கு அழகு செய்த கை, பயணிகளின் பார்வைக்குரியதாயிற்று. இனவொதுக்கல் அரசு அக்காலத்தில்தான் குவாந்டெபெலே என்னும் தனித்தாயகத்தை வகுத்து, மக்களை இனவாரியாகப் பிரித்து அடைத்துக்கொண்டிருந்தது. எந்த மக்களின் உரிமை மறுக்கப்பட்டதோ, அவர்களுடைய சுவர் மட்டும் காட்சிப்பொருளாக விரும்பப்பட்டது. இம்முரண் எளிதில் செரிக்கக்கூடியதன்று.

1989இல் பாரிஸில் நடந்த 'மண்ணின் மந்திரவாதிகள்' கண்காட்சியில், தம் வீட்டின் உருவையே எழுப்பி அதன்மேல் அவர் தீட்டினார். ஐரோப்பியனைக் கலைஞன் என்றும் ஆப்பிரிக்கப் பெண்ணை மந்திரவாதி என்றும் அழைப்பது சரிதானா என்ற கேள்வி எழாமலில்லை. 1991இல் பி.எம்.டபிள்யூ. 525ஐ மகிழுந்து அவர் கைக்கு வந்தது. அந்நிறுவனத்தின் ஓவிய மகிழுந்து வரிசையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. விளம்பரத்துக்கு விலைபோய்விட்டார் என்பது ஒரு குற்றச்சாட்டு. மண்சுவரில் எழுதினால் கைவினை, துணிச்சட்டத்தில் எழுதினால் கலை என்னும் பாகுபாட்டை அவர் ஏற்றதேயில்லை என்பதைக் குற்றம் சாட்டியோர் கருதவில்லை. இருப்பினும் ஒன்று உறுத்துகிறது. சுவரில் எழுதிய முன்னோர் பெயர் பொறித்ததில்லை. எஸ்தர் தம் ஓவியங்களில் பெயரிடுகிறார். பாட்டியின் கோடு யாருடையது?

அதற்கு அவர் விவாதத்தால் விடை தேடவில்லை. தம் ஊரில் இல்லத்தையே பள்ளியாக்கி, சாயம் குழைக்கவும் இறகு பிடிக்கவும் இளையோருக்குக் கற்றுத்தந்தார். 2024இல் கேப்டவுன் தேசியக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகள் காட்சிக்கு வந்தபோது, அம்மகிழுந்தும் வந்து நின்றது. அக்கண்காட்சிக்குச் சூட்டிய பெயர், முன்சுவருக்குத் தம்மை அழைத்த நாளைக் குறித்து அவர் சொன்ன சொற்களிலிருந்து எடுத்தது.