திரும்பிப் பார்த்ததா?



குடவாசலில் நாயைப் பற்றிப் பேச எழுந்தால் கணைக்கால் இரும்பொறையின் நினைவு வந்துவிடுகிறது. குடவாயிற் கோட்டத்தில் சிறைப்பட்ட அந்தச் சேரன் பாடியதாகச் சொல்லப்படும் புறநானூறு 74ஆம் பாட்டில், சங்கிலியில் கட்டிய நாய் இழிவுக்கு உவமை. இன்று இதே ஊரில், பின்னங்கால் விழுந்த நாயைத் துண்டில் ஏந்திக்கொண்டு, நடவுக் கூலியையும் விட்டுவிட்டு நம் கால்நடை மருந்தக வாசலில் நிற்கிறார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பழகிய நம் கை அங்கே தடுமாறுகிறது. ‘வாதம், வயசாயிடுச்சு’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

அந்த வாதத்துக்குக் காரணமாகும் முதுகெலும்பு டிஸ்க் சிதைவை ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்சன் 1952இலேயே இரண்டாகப் பிரித்தார். டாஷ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களில் டிஸ்கின் நடுக்கூழ் இளமையிலேயே இறுகி, ஒருநாள் திடீரென வெடித்துத் தண்டுவடத்தில் மோதும். வயதான பெரிய நாய்களில் வெளிவளையம் மெல்லத் தடித்துப் பிதுங்கும். ஜெர்மன் ஷெப்பர்டில் வேறொன்றும் உண்டு: வலியே இல்லாமல் தண்டுவடம் தேய்ந்துபோகும் நோய். அதற்குக் கத்தி உதவாது. குட்டைக்காலையும் டிஸ்க் நோயையும் ஒரே மரபணு நகல் தருகிறது என்று 2017இல் தெரிந்துவிட்டது. குட்டி விற்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்று நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு டாஷ்ஹண்டின் பின்விரலை இடுக்கியால் நெரித்தேன். கால் வெடுக்கென்று மடங்கியது. ‘உணர்ச்சி இருக்கு, சரியாயிடும்’ என்றேன். அது தவறு. மடங்கியது வெறும் அனிச்சை. மூளைக்குச் சேதி போகவில்லை. நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், கடிக்க வர வேண்டும். அந்த வீட்டார் நான்கு நாள் காத்திருந்தார்கள். அந்த நான்கு நாளும் நான் வீணாக்கியவை. மூளை அறியும் இந்த ஆழ்வலி உணர்வு இருந்தால் அறுவைக்குப் பின் பெரும்பாலானவை நடக்கும். அது போய்விட்டால் ஏறக்குறையப் பாதிதான்.

நெரிப்பதற்கு முன் வெறிநோய் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வாதமாக வரும் வெறிநோயும் உண்டு. ஸ்டீராய்டையும் வலிமருந்தையும் சேர்த்துப் போடாதீர்கள், இரைப்பை ஓட்டையாகும். சிறுநீர்ப்பையைப் பிழிந்துவிட வீட்டாருக்குக் கற்றுக்கொடுங்கள்.

பூனைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பரணுக்குத் தாவிய பூனை தரையிலேயே படுத்தால் சோம்பல் என்கிறார்கள். அதன் முதுகெலும்பு மூட்டுகள் தேய்ந்திருக்கலாம். இரக்கப்பட்டு வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடுகிறார்கள். பூனைக்கு அரை மாத்திரையே உயிரைக் குடிக்கும்.

ஒரத்தநாட்டிலோ வேப்பேரியிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும்போது சீட்டில் இரண்டைக் கட்டாயம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு நெரித்தோம், திரும்பிப் பார்த்ததா. முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.