வகுப்பறைக்குள் சமநீதி
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் சிலர் நகரப் பள்ளிகளில் தலைமையாசிரியர்களாக இருக்கிறோம். நம் பொறுப்பைப் பற்றி இரண்டு வார்த்தை.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியது. 2012-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அந்தப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் வைக்கக் கூடாது என்று 2010-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகள் சொல்கின்றன. ஆக, வீட்டு வேலை செய்யும் அம்மாவின் பிள்ளையும் அந்த வீட்டுக்காரர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரலாம்.

உட்காருகிறார்களா? அதை எந்த அதிகாரியும் தினம் வந்து பார்க்க மாட்டார். தலைமையாசிரியர்தான் பார்க்கணும்.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பிள்ளைகளை வாரம் ஒரு முறை இடம் மாற்றி உட்கார வையுங்கள். கட்டணப் பாக்கியைப் பிரேயரில் பெயர் சொல்லிப் படிக்காதீர்கள். கழிவறை கழுவ எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள். பெற்றோர் கூட்டத்தை மாலையில் வையுங்கள். பகலில் வந்தால் கூலி போயிடும். சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளையை விட்டுவிட்டு பஸ் கிளம்பக் கூடாது.

இதில் பலவற்றுக்குக் காசு தேவையில்லை. மனசு வந்தால் போதும். தம்பி தங்கைகளே, நாளை அந்த நாற்காலி உங்களுக்கும் வரும். அப்போது மறந்துடாதீங்க.