தீயும் தீ வைத்தோன் மனமும்



வெள்ளி விழா மேடையில் சட்டப் பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணலாம். கீற்றுக் கூரையின்கீழ்த் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நமக்குத் தீயைப் பற்றிய சட்டம் தெரிந்தே ஆகவேண்டும்.

நம் பிச்சாவரத்தில் காற்று வீசும் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ஒருவர் அடுப்பை அணைக்க மறந்தார்; பொறி பறந்தது. இரண்டாமவர், "குடிசைகள் பற்றிக்கொள்ளும்" என்று அயலார் தடுத்தும் கேளாமல், வைக்கோற் குப்பையைக் கொளுத்தினார். மூன்றாமவர் பகைகொண்டு கூரையிலேயே கொள்ளி வைத்தார். மூன்றிடத்தும் எரிந்தது வீடுதான். ஆயினும் சட்டம் சாம்பலோடு மனத்தையும் ஆராய்கிறது.

முதலாமவர் செய்தது கவனக்குறைவு. குற்றமென முடிவானாலும் உச்சத் தண்டனை ஆறு மாதச் சிறையே. மூன்றாமவருக்கு ஆயுள் சிறை வரை உண்டு. இரண்டாமவர் நிலை என்ன? 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 436ஆம் பிரிவு, அழிக்கக் கருதியவனோடு, அழிவு நேரக்கூடும் என்று அறிந்தே தீயிட்டவனையும் சேர்த்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆம் பிரிவிலும் அதே நெறிதான். "எரிக்க எண்ணவில்லை" என்பது மட்டும் விடையாகாது.

இங்கிலாந்தில், கண்கூடான ஆபத்தை எண்ணிப் பாராததே குற்றத்திற்குப் போதும் என்று 1981இல் தீர்ப்பாயிற்று. பதினொன்றும் பன்னிரண்டும் வயதான இரு சிறுவர் செய்தித்தாள்களைக் கொளுத்திய வழக்கில், 2003இல் அது மாற்றப்பட்டது. ஆபத்தை அவர்களே உணர்ந்திருந்தனரா என்பதே கேள்வியாயிற்று.

அறிவே அளவுகோல் என்றால், அதனை மெய்ப்பிப்பது எவ்வாறு? அயலார் சொன்ன அந்த எச்சரிக்கையே சான்று. உள்ளே ஆள் இருந்தது தெரியுமா, காற்று எத்திசை வீசிற்று என்பனவும் சான்றுகளே.

1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் கருகின. கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. தீ மூண்டதில் ஐயமில்லை. மூட்டியவர் இவரே என்பதில்தான் வழக்கு வீழ்ந்தது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், நம் குடியிருப்பை அறிந்து எரிப்பவர்க்கு ஆயுள் தண்டனையே விதிக்கிறது. ஆனால் சட்டம் தானாக நடவாது, சான்று வேண்டும்.

ஆகவே மாணவர்களே, முதல் தகவல் அறிக்கையின் படியை இலவசமாகப் பெறும் உரிமை புகார் தந்தவர்க்கு உண்டு. அதை வாங்குங்கள்; வரிவரியாகப் படியுங்கள். கண்டவர் சொன்னது அதில் உள்ளதா என்று பாருங்கள். இக்கழகம் நமக்குத் தந்த எழுத்தறிவுக்கு அதனினும் உயர்ந்த பயன் வேறில்லை.