சித்திரப் பாடவேளையைக் கேட்டு வாங்குவோம்

(தோட்டக் கமிட்டிகளின் கூட்டத்தில் ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



சம்பளம் பேசுகிற கூட்டத்தில் டீச்சர் ஏன் படம் வரைவதைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்பீர்கள். சம்பளத்தைத் தலைவர் பேசிவிட்டார். நான் 13 வயதிலிருந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்தேன். பிள்ளைக் காம்பராவைப் பற்றிப் பேசுகிறோம், சத்துணவைப் பற்றிப் பேசுகிறோம். மீசை அரும்புகிற பையனைப் பற்றி, பாடசாலையை விட்டு நின்ற பிள்ளையைப் பற்றி எந்தக் கூட்டத்தில் பேசியிருக்கிறோம்?

6ஆம் தரத்திலிருந்து 9ஆம் தரம் வரை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்பவற்றில் ஒன்றைப் பிள்ளை படித்தே ஆகவேண்டும். சாதாரண தரத்துக்கும் அதை ஒரு பாடமாக எடுக்கலாம். உயர்தரம் படிக்க 3 பாடங்களிலாவது திறமைச் சித்தி வேண்டும். அதில் ஒன்று சித்திரமாக இருந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் நடப்பது என்ன? சித்திர ஆசிரியர் இல்லை. இருந்தாலும் பரீட்சை நெருங்கினால் அந்தப் பாடவேளை கணிதத்துக்குப் போய்விடும். சில இடங்களில் அது வளவு கூட்டுகிற நேரம். கணிதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை அதன் நேரத்தில் படிப்பிக்கட்டும்.

வகுப்பில் எதையாவது வரையுங்கள் என்றால் பிள்ளைகள் என்ன வரைவார்கள் தெரியுமா? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, கரையில் தென்னை மரம், முற்றத்தோடு தனி வீடு. நம்முடைய மலையில் தென்னை எங்கே இருக்கிறது? லயத்தை வரையச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். "அது வடிவில்லை டீச்சர்" என்கிறார்கள். அந்தச் சொல்தான் எனக்கு வலிக்கிறது. படத்தில் வருவதற்குத் தகுதியில்லாத வாழ்க்கை என்று 14 வயதிலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அதனால் நான் லயத்திலிருந்தே தொடங்குகிறேன். தூரக்காட்சி வரையக் கற்பிக்க லயத்தைவிட நல்ல பாடம் கிடையாது. முதல் காம்பரா வாசலில் நின்று கடைசிக் காம்பராவைப் பாருங்கள். கூரைத் தகரத்தின் விளிம்பு கீழே இறங்கும், கானின் கோடு மேலே ஏறும், இரண்டும் தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கிப் போகும். கதவுகள் ஒவ்வொன்றாகச் சிறுக்கும், நெருங்கும். ஒரு முறை இதைப் பார்த்த பிள்ளை பிறகு றோட்டையும் கொழுந்து நிரையையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கும். அடுத்த பாடம் அம்மாவின் கை. விரல் வெடிப்பில் ஏறிய கறையைப் பார்த்துப் பார்த்து வரையவேண்டும். ஒரு பையன் அப்படி வரைந்துகொண்டுபோய்க் காட்டினான். அவனுடைய அம்மா கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாராம். பிறகு அந்தப் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்.

சாமான் வாங்கக் காசில்லை என்பீர்கள். அதுவும் சரிதான். 2022இல் கொப்பி விலை ஏறியபோது நாம் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. கொய்யாக் குச்சிகளைப் பால்மா டின்னில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு அடுப்பில் வையுங்கள். துளையில் புகை நின்றதும் எடுத்து, நன்றாக ஆறிய பிறகுதான் திறக்கவேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எரிந்து சாம்பலாகிவிடும். நல்ல கரிக்கோல் கிடைக்கும். தேயிலைத் தூளை வற்றக் காய்ச்சினால் மண்ணிறச் சாயம். அதில் துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள் ஊறவைத்தால் கருத்துவிடும், மை மாதிரி எழுதலாம். மஞ்சளும் பீட்ரூட்டும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும், நம்பாதீர்கள். கடதாசிக்கு, தேயிலை பொதி செய்யும் கடதாசிச் சாக்குகளில் கிழிந்தவை பெக்டரியில் கிடக்கும். அந்தத் தாளில் கரி நன்றாகப் பிடிக்கும். அவற்றைப் பிள்ளைகளுக்குத் தரச் சொல்லித் தோட்டத் தலைவர்மார் துரையிடம் கேட்டால் போதும். இதைவிடப் பெரிய விஷயமெல்லாம் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

பாடசாலைக்கு வெளியே இருக்கிற பிள்ளைகள் விஷயம் கஷ்டமானது. 16 வயது வரை கட்டாயக் கல்வி என்பது சட்டம். ஆனாலும் அதற்கு முன்பே கொழும்புக் கடைக்குப் போன பையன்களும், வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்க நின்ற பெண்பிள்ளைகளும் நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களை "வகுப்புக்கு வா" என்று கூப்பிட்டால் வரமாட்டார்கள். வெட்கம். வேலை ஒன்று இருக்கிறது என்று கூப்பிட்டால் வருவார்கள். காமன் கூத்துக்கு ஒப்பனை போடவும், தேர்த் திருவிழாவுக்குப் பந்தல் எழுதவும் இவர்கள்தான் முன்னே நிற்கிறார்கள். யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை, பார்த்துப் பழகினார்கள். அந்தக் கையைத்தான் நாம் பிடிக்கவேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரம் படித்த ஹனுஷா சோமசுந்தரம் மலையகத்துப் பெண். தேயிலைச் சாயத்தையும் தோட்டத்து வாழ்க்கையையும் வைத்தே அவர் ஓவியம் செய்கிறார். எல்லாப் பிள்ளையும் ஓவியராக வேண்டாம். பெயர்ப்பலகை எழுதினாலும் சரி, சட்டைக்கு அச்சடித்தாலும் சரி. ஆனால் அப்படி ஒரு வழி இருப்பதே நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு தோட்டத்திலும் ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் 2 மணித்தியாலம், பூட்டிக் கிடக்கிற மண்டபத்தின் சாவி வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகிற பெற்றோர், சித்திரப் பாடவேளை எங்கே என்று நேரசூசியைக் காட்டச் சொல்லிக் கேட்கவேண்டும். மூன்றாவது, மே தினப் பதாகை. வருஷா வருஷம் டவுனில் காசு கொடுத்து பிளெக்ஸ் அடிக்கிறோம். அதில் இருக்கிற படங்கள் எங்களுடைய தலைவர்மார் முகங்கள்தான். (சிரிக்காதீர்கள், தலைவரும் இங்கேதான் இருக்கிறார்.) அடுத்த மே தினத்துக்கு ஒரு பதாகையையாவது நம் பிள்ளைகள் துணியில் எழுதட்டும். துணி நான் தருகிறேன். சாயத்துக்கும் தூரிகைக்கும் எந்தக் கமிட்டி பொறுப்பு என்று இன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.