கால் எப்ப கிளம்பணும்?

போன ரெண்டு எபிசோடும் வேலை, அப்ரைசல், லோன்னு ஒரே புலம்பலா போச்சு. இன்னிக்கு விளையாட்டு. மால்ல கேம் சோனுக்குப் போனா ஒரு மூலையில நிக்குமே, டான்ஸ் ஆடற மெஷின், அதப் பத்திதான் பேசப்போறேன். நடுவுல எங்கம்மா வருவாங்க. கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

முதல்ல அது என்னன்னு சொல்லிடறேன். எதிர்ல ஒரு ஸ்கிரீன், கீழ ஒரு மேடை. மேடையில இடது, வலது, முன்னாடி, பின்னாடின்னு நாலு அம்புக்குறிக் கட்டம். முதுகுக்குப் பின்னாடி பிடிச்சுக்க ஒரு கம்பி. பாட்டு ஆரம்பிச்சதும் ஸ்கிரீனோட அடியில இருந்து அம்புகள் மேல ஏறி வரும். உச்சியில நாலு நிழல் அம்பு அசையாம நிக்கும். ஏறி வர்ற அம்பு அந்த நிழல் மேல சரியா பொருந்தற நேரத்துல அதே திசையில இருக்கற கட்டத்தை நீங்க மிதிச்சிருக்கணும். ரெண்டு அம்பு சேர்ந்து வந்தா ரெண்டு காலாலயும் குதிக்கணும். நீளமா வால் வெச்சு வந்தா, வால் முடியறவரைக்கும் காலை எடுக்கக்கூடாது. நிறைய தப்பு பண்ணா மேல இருக்கற உயிர்க்கோடு காலியாகி பாட்டு பாதியில நின்னுடும். சுத்தி நிக்கறவங்க முன்னாடி. அதுதான் இதுல கொடுமையான பகுதி.

இந்த வகையில ரொம்ப பிரபலமானது டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன். கொனாமி கம்பெனி 1998-ல ஜப்பான்ல விட்டாங்க. அடுத்த வருஷமே கொரியாவுல ஆண்டமிரோங்கற கம்பெனி பம்ப் இட் அப் கொண்டுவந்தாங்க. அதுல நாலு மூலைக்கும் நாலு, நடுவுல ஒண்ணுன்னு அஞ்சு கட்டம்.

நான் முதல் தடவை ஏறினது பெங்களூர்ல, டீம் அவுட்டிங்ல. முப்பது செகண்ட் தாங்கல. எனக்குப் பின்னாடி பத்து வயசுப் பாப்பா ஒண்ணு வரிசையில நின்னுட்டு இருந்துச்சு. "அங்கிள், முடிஞ்சுதா?"ன்னு கேட்டுச்சு. இருபத்தேழு வயசுல அங்கிள். சரி, விடுங்க.

ஏன் அவ்ளோ மோசமா ஆடினேன்னு யோசிச்சா, எனக்கு ஞாபகம் வர்றது என் பிளஸ் டூ. நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல படிச்சவங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பிராய்லர் ஸ்கூல்னு ஊரே சொல்லும். காலைல அஞ்சு மணிக்கு மணி அடிச்சா ராத்திரி பத்து வரைக்கும் படிப்பு. டைம்டேபிள்ல பி.டி. பீரியட் இருந்துச்சு, ஆனா அதுல கெமிஸ்ட்ரி டெஸ்ட் நடக்கும். நடக்கறதுன்னா மெஸ்ஸுக்கும் கிளாஸுக்கும் இடையில வரிசையா, கையக் கட்டிக்கிட்டு. 1200-க்கு நல்ல மார்க்தான் வாங்கினேன், இல்லன்னு சொல்லல. அந்த மார்க்ல வந்த காலேஜ், அந்த காலேஜ்ல வந்த வேலை, எல்லாம் உண்மை. ஆனா பதினஞ்சு வயசுல இருந்து என் உடம்பு ஒரு தலையைத் தூக்கிட்டுப் போற ஸ்டாண்டு மாதிரிதான் இருந்துச்சு. அதே சமயத்துக்கு ஏழெட்டு வருஷம் முன்னாடி, 2006-ல, அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியா மாநிலம் தன்னோட 765 அரசுப் பள்ளிகள்லயும் இந்த கேமை உடற்பயிற்சி வகுப்புல வைக்கப்போறதா அறிவிச்சுது. குழந்தைங்க உடல் பருமன் அங்க பெரிய பிரச்சினை. இதப் படிச்சப்ப எனக்கு வந்தது பொறாமை. சுத்தமான பொறாமை.

அப்பறம் நான் என்ன பண்ணேன்? இன்ஜினியர் என்ன பண்ணுவான், ஆடிப் பழகறதுக்குப் பதிலா மெஷின் செய்யக் கிளம்பிட்டேன்.

வீட்டுல ஆடறதுக்கு ஸ்டெப்மேனியான்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் இருக்கு. ரொம்ப வருஷமா இருக்கு. எந்தப் பாட்டையும் போட்டு, அதுக்கு அம்புகளை நீங்களே எழுதிக்கலாம். கம்ப்யூட்டர் இருக்கு, டிவி இருக்கு, மேடைதான் வேணும். ஆன்லைன்ல கிடைக்கற மடிச்சு வைக்கற விரிப்பு டைல்ஸ் தரையில வழுக்கிட்டே போகும். எங்க மாமா நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறை வெச்சிருக்கார். பொங்கல் லீவுக்குப் போனப்ப அங்க உக்காந்துட்டேன்.

அமைப்பு ரொம்ப சிம்பிள். அடியில தடி பிளைவுட். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு அலுமினியத் தகடு, அதுக்கு மேல ஓரத்துல மட்டும் ஸ்பாஞ்சுப் பட்டை, அதுக்கு மேல இன்னொரு தகடு. மிதிச்சா ரெண்டு தகடும் தொட்டுக்கும், காலெடுத்தா பிரிஞ்சிடும். அவ்ளோதான் சுவிட்ச். நாலு சுவிட்சையும் ஒரு ஆர்டுயினோ லியோனார்டோ போர்டுக்குக் கொண்டுபோனா, அது கம்ப்யூட்டர்கிட்ட "நான் ஒரு கீபோர்டு"ன்னு சொல்லிக்கும். மாமா மேலயும் கீழயும் பாத்துட்டு, "இதுக்காடா மாப்ள நாலு வருஷம் படிச்ச? காலிங் பெல்லு மாதிரி இருக்குது"ன்னார். சரியான வர்ணனை.

ஒரு சிக்கல் வந்துச்சு, எலெக்ட்ரானிக்ஸ் பசங்களுக்குத் தெரியும். தகடு தொடறப்ப ஒரே தடவையா தொடாது. சில மில்லிசெகண்டுக்குள்ள பல தடவை தொட்டுத் தொட்டுப் பிரியும். ஒரு மிதி, கம்ப்யூட்டருக்கு நாலு மிதியா தெரியும். இதச் சரி பண்றதுக்கு டீபவுன்ஸ்னு சொல்வாங்க. நான் முதல்ல முட்டாள்தனமா பண்ணேன். 20 மில்லிசெகண்ட் காத்திருந்து, சிக்னல் நிலையா நின்னதுக்கு அப்பறம் "மிதிச்சாச்சு"ன்னு அனுப்பினேன். அப்ப ஒவ்வொரு மிதியும் 20 லேட். சரியான வழி, முதல் தொடுதலையே உடனே அனுப்பிட்டு, அடுத்த 20 மில்லிசெகண்டுக்குக் காதப் பொத்திக்கறது.

20 மில்லிசெகண்டுக்கு ஏன் இவ்ளோ அலட்டல்னு கேப்பீங்க. இந்த கேமோட உயிரே அங்கதான் இருக்கு. டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்ல உச்சபட்ச மதிப்பெண் "மார்வெலஸ்". அது கிடைக்க, நீங்க சரியான நேரத்துக்கு முன்ன பின்ன ஏறக்குறைய 17 மில்லிசெகண்டுக்குள்ள மிதிக்கணும். அதுக்கு அடுத்தது "பெர்ஃபெக்ட்", சுமார் 33. ஆனா ஒரு பொருளைக் கண்ணால பாத்து, மூளை புரிஞ்சுக்கிட்டு, உடம்பு அசையறதுக்கே சாதாரணமா 200 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும். அப்ப அம்பு பொருந்தறதப் பாத்துட்டு மிதிக்கறது யாராலயும் முடியாத காரியம். நல்லா ஆடறவங்க யாருமே பாத்துட்டு மிதிக்கறதில்ல. கண்ணு எந்தக் கட்டம்னு சொல்லும். எப்பன்னு சொல்லறது காதுதான்.

இத நான் அப்ப படிச்சிருந்தேன். புரிஞ்சிருக்கல.

மேடை ரெடி. பட்டறைச் சுவத்துல டிவி. ஆடினா எல்லா மிதியும் 40 மில்லிசெகண்ட் போல லேட்டுன்னு காட்டுது. டீபவுன்ஸை மாத்தினேன். டிவில படத்தை மெருகேத்தற வேலையெல்லாம் நிறுத்தற கேம் மோடு ஒண்ணு இருக்கும், அதப் போட்டேன். அப்பவும் லேட். சரி, டிவியோட ஸ்பீக்கர்லதான் ஏதோ தாமதம்னு முடிவு பண்ணி, ஸ்டெப்மேனியாவுல மொத்தமா நேரத்தைத் தள்ளி வைக்கற செட்டிங் இருக்கே, அதுல 40 தள்ளிட்டேன். உடனே பெர்ஃபெக்ட் பெர்ஃபெக்டா கொட்டுது. பட்டறைப் பசங்க கை தட்டினாங்க. எனக்கு ஒரே பெருமை.

அன்னிக்கு சாயங்காலம் அம்மா காப்பி எடுத்துட்டு வந்தாங்க. அம்மாவுக்கு அம்பத்தி நாலு வயசு. ஊர்ல வள்ளி கும்மி கத்துக்கறாங்க. மூணு மாசமா சாயங்காலத்துல கோயில் மைதானத்துல பழக்கம். வள்ளி முருகன் கல்யாணக் கதையை வாத்தியார் பாடுவார், இவங்க வட்டமா சுத்தி வந்து, குனிஞ்சு நிமிந்து, கை தட்டி அடி வெப்பாங்க. ஒரு காலத்துல இதுல ஆம்பளைங்கதான் ஆடுவாங்க. கோயம்புத்தூர் பக்கம் பத்ரப்பன்னு ஒரு பெரியவர், 2024-ல பத்மஸ்ரீ வாங்கினாரே, அவர் பொம்பளைங்களையும் சேத்துச் சொல்லிக் குடுத்தவர். இப்ப கொங்குல எந்த ஊருக்குப் போனாலும் ஒரே கலர் சேலையில நூத்துக்கணக்குல ஆடறாங்க.

"ஏறும்மா"ன்னேன். செருப்பக் கழட்டிட்டு ஏறினாங்க. ஆரம்ப லெவல் பாட்டுதான் போட்டேன். எல்லாம் மிஸ். அம்பு மேல போகுது, அம்மா அதையே அண்ணாந்து பாத்துட்டு நிக்கறாங்க. "இதப் பாத்துட்டே இருந்தா பாட்ட எப்படி சாமி கேக்கறது?"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன்.

ராத்திரி தூக்கம் வராம, அம்மா போன்ல இருந்த கும்மிப் பயிற்சி ரெக்கார்டிங்க எடுத்து அதுக்கு அம்பு எழுத உக்காந்தேன். இது தனி வேதனை. ஸ்டுடியோவுல பண்ண சினிமாப் பாட்டுக்கு ஆரம்ப நேரமும் நிமிஷத்துக்கு எத்தன பீட்டுங்கறதும் குடுத்தா பெரும்பாலும் போதும். கும்மி வாத்தியார் மனுஷன். போகப் போக வேகம் ஏறும், ஒரு இடத்துல மூச்சு வாங்குவார், மறுபடி ஏறும். ஒலி அலையைப் பெருசாக்கி, ஒவ்வொரு கைத்தட்டையும் பாத்து, பீட்டோட வேகத்தை வரிக்கு வரி மாத்திக் குடுத்தேன். நாலு நிமிஷப் பாட்டுக்கு விடிஞ்சிடுச்சு. அதோட புரோகிராம்லயும் கை வெச்சு, எந்தக் கட்டத்த மிதிச்சாலும் சரி, நேரம் மட்டும் கணக்குன்னு மாத்தினேன்.

காலைல அம்மா ஏறினாங்க. டிவியத் திரும்பியே பாக்கல. பாட்டு வந்ததும் கால் போகுது. முடிஞ்சதும் பாத்தா எல்லாமே "முந்திட்டீங்க". அதுவும் ஒரே அளவுல, 40-ஐ ஒட்டியே.

"அம்மா, நீ முந்தறம்மா"ன்னேன்.

"நான் எங்க கண்ணு முந்தறேன்? பாட்டுகூடத்தான போறேன்."

40. எனக்கு அந்த நம்பரைப் பாத்ததும் வயித்துல ஒரு மாதிரி ஆச்சு. போன்ல ஸ்லோமோஷன் எடுத்தேன், செகண்டுக்கு 240 படம். ஒரு படத்துக்கு நாலு மில்லிசெகண்ட் சொச்சம். அம்மா பாதம் தகட்டுல படறதும் பாட்டுல கை தட்டற சத்தமும் கிட்டத்தட்ட ஒரே படத்துல விழுது. என்னை எடுத்துப் பாத்தேன். சத்தம் வந்து பத்துப் படம் கழிச்சு என் கால் இறங்குது.

டிவி சரி, தகடு சரி, ஸ்பீக்கர் சரி. நான்தான் லேட். என் லேட்டுக்கு ஏத்த மாதிரி மெஷின வளைச்சு வெச்சுட்டு, சரியா ஆடினவங்களைத் தப்புன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன். டெஸ்ட் கேஸ் ஃபெயில் ஆனா கோடைத் திருத்தாம டெஸ்டைத் திருத்தற ஆளு எல்லா டீம்லயும் ஒருத்தன் இருப்பான். அவனைப் பத்தி நானே ஒரு எபிசோடு பேசியிருக்கேன், ஞாபகம் இருக்கா?

அம்மாகிட்டயே கேட்டேன், எப்படிம்மான்னு. அவங்களுக்குச் சொல்லத் தெரியல. ஆடிக் காட்டினாங்க. அப்பதான் கவனிச்சேன், தட்டு விழறதுக்கு ரொம்ப முன்னாடியே அவங்க கால் தரையை விட்டுக் கிளம்பிடுது. நான் தட்டு வர்ற நேரத்துலதான் காலையே தூக்கறேன். வாத்தியார் அவங்களுக்குச் சொன்னதும் அதுதானாம், தாளத்துக்கு அடி எறங்கணும், எடுக்கறது அதுக்கு முன்னாடியே நடந்துடணும்னு.

செட்டிங்க மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். ரெண்டு நாள் என் ஸ்கோர் கேவலமா இருந்துச்சு. ஒரே ஈஸி பாட்டை மனப்பாடம் ஆகறவரைக்கும் ஆடிட்டு, அப்பறம் கண்ண மூடிட்டு ஆடினேன், பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான். ஒரு வாரத்துல 40 வந்து 25 ஆச்சு. இப்ப 15 பக்கம்.

மால்ல ஆடப் போறவங்களுக்கு நான் கத்துக்கிட்டது இன்னும் கொஞ்சம் இருக்கு. ஒவ்வொரு மிதிக்கும் அப்பறம் நடுவுல வந்து நிக்காதீங்க, எல்லாரும் பண்ற தப்பு இது. கால் கட்டத்து மேலயே இருக்கட்டும். சும்மா நின்னா மார்க் குறையாது. ஒரே காலால அடுத்தடுத்து மிதிக்காம இடது, வலதுன்னு மாத்தி மாத்தி வைங்க, நடக்கற மாதிரி. குதிகாலால இடிக்காதீங்க, முன்பாதம் போதும், முட்டி தப்பிக்கும். அப்பறம் அம்புகள் வர்ற வேகத்தைக் கூட்டற ஆப்ஷன் இருக்கும். கூட்டினா கஷ்டம்னு தோணும், ஆனா பாட்டோட வேகம் மாறாது. அம்புகளுக்கு நடுவுல இடைவெளி கூடி, படிக்க சுலபமா ஆயிடும்.

மேடை இப்ப பட்டறையிலயே இருக்கு. ஸ்கூல் விட்டு வர்ற பசங்க லாரி சேஸிஸுக்கு நடுவுல ஆடறாங்க. மேல் தகடு வழுக்குதுன்னு மாமா செக்கர் பிளேட் போட்டு வெல்டிங் வெச்சுட்டார். இனி அத நகர்த்த நாலு பேர் வேணும்.

அம்மாவுக்கு அடுத்த மாசம் அரங்கேற்றம். லீவு போட்டாச்சு. மெரூன் சேலை எடுத்திருக்காங்க. போன வாரம் போன்ல, "வாத்தியார் அடுத்த குழுவுக்கு ஆள் சேக்கறார், உன்ற பேரையும் குடுத்துட்டேன்"ன்னாங்க. சனி, ஞாயிறு மட்டும் வந்தா சேத்துப்பாங்களான்னு கேட்டிருக்கேன்.